வண்ணம் பூசி வந்த எங்கள் படம்

எங்கள் வீட்டுக்காரர் நிதானமான ஆள். கரடி துரத்தினால்கூட வேட்டியை மடித்துக் கட்டிவிட்டுத்தான் ஓடுவார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவர் அன்றைக்கு ஆலங்காயம் சந்தையிலிருந்து மலையேறி, புளி தட்டிக்கொண்டிருந்த எங்கள் நடுவில் மூச்சிறைக்க வந்து நின்றார். உப்பும் மிளகாயும் வாங்கப் போனவர் கையில் பையே இல்லை. பை எங்கே என்று நான் கேட்பதற்குள்,

“வந்துட்டுச்சி! நம்ம படம் வந்துட்டுச்சி!” என்றார்.

களத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் கட்டையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டோம். என் நாத்தனார் மடியில் இருந்த புளியைக் கொட்டியதுகூடத் தெரியாமல், “நெசமாவாண்ணா? விளக்குப் படமா?” என்று கேட்டாள்.

“அதே பேரு. கலர் கலரா, கொட்டையெழுத்துல செவுரு முழுக்க ஒட்டிக்கீறாங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

அந்தப் படத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இரண்டு படத்துக்கும் ஒரே பெயர். எழுதினால் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குக் குழப்பம் வரும். பழைய படம், புதுப் படம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பழைய படத்தை நாங்கள் பார்த்தது கல்யாணமான வருஷத்து ஆடி மாசம். அப்போது எழுபதுகளின் ஆரம்பம். படவேட்டு ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு மலையிறங்கிப் போனோம். பொங்கல் வைத்து, கும்பிட்டு, துன்னூறு பூசிக்கொண்டு வெளியே வந்தால் எதிரில் டூரிங் கொட்டாய். நான் அதுவரைக்கும் சினிமா பார்த்ததில்லை. கூத்துதான் பார்த்திருக்கிறேன். ஆத்தாளைப் பார்த்த கண்ணால் இதையும் பார்க்கலாமா என்று எனக்குத் தயக்கம். “ஆத்தா கோயில் வாசல்லயே கொட்டாய் போட வுட்டுக்கீறான்னா ஆத்தாளுக்கும் சம்மதம்தான்” என்று சொல்லி அவர் என்னை உள்ளே கூட்டிப்போனார்.

கதை இதுதான். ஏரியில் படகு ஓட்டுகிறவரின் மகள் ஒருத்தி. மழைநாளில் அடிபட்ட ஒருவன் அவர்கள் கரையில் வந்து ஒதுங்குகிறான். இவள் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறாள். அக்கரையில் மிராசுதாரைக் கொன்றுவிட்டு ஒருத்தன் தப்பிவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. இவன்தான் அவனா? அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் மனசு அவனிடம் போய்விட்டது. பகலெல்லாம் அவன் காட்டில் மறைந்திருப்பான். பொழுது சாய்ந்தால் அவள் சன்னலில் விளக்கு வைப்பாள். விளக்கு எரிந்தால் வா, எரியாவிட்டால் வராதே என்று அர்த்தம். கடைசியில் போலீஸ்காரர்கள் வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். விளக்கு எரியட்டும், அவன் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, அவன்தான் கொலைகாரன் என்று அவளுக்கே முக்கால்வாசி நம்பிக்கை வந்துவிட்டது. தூரத்தில் துடுப்புச் சத்தம் கேட்கிறது. அவள் எழுந்து போய் வெறும் கையால் திரியை நசுக்கி அணைத்துவிடுகிறாள். கொலைகாரன் வேறு ஆள் என்பது அதற்கு அப்புறம்தான் தெரியும்.

அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரர் வருஷக்கணக்காக ஊரை ஆண்டார் என்றே சொல்லலாம். மாசியில் புளி தட்ட ஆரம்பித்தால், “எப்பா, அந்த விளக்குக் கதையை எடு” என்று யாராவது கேட்பார்கள். அவர் அந்தப் பெண்ணாகவும் பேசுவார், போலீஸாகவும் பேசுவார், துடுப்புச் சத்தத்தை நாக்காலேயே போடுவார். திரியை நசுக்குகிற இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளங்கையை மெதுவாக மூடுவார். அவ்வளவுதான். அத்தனை பேரும் கட்டையைத் தூக்கினபடியே உட்கார்ந்திருப்போம்.

அந்தக் கதையைக் கேட்கப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் வருஷா வருஷம் வருவார். மலையில் பஞ்சாயத்து பேசுகிறவர். ஒருத்தன் நேற்று சொன்னதற்கும் இன்றைக்குச் சொல்வதற்கும் ஒரு சொல் மாறினால் விடமாட்டார். அவர்தான் தன் மகனுக்கு என் நாத்தனாரைக் கேட்டு வந்தார். வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: “தம்பி, நீ போன வருசம் சொன்ன கதையை இந்த வருசமும் ஒரு சொல் மாறாம சொல்ற. அந்த வாயை நம்பித்தான் பொண்ணு கேக்கறேன்.”

எங்கள் மலையில் எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. வெற்றிலை பாக்கு மாற்றி வாக்கு கொடுத்தால் முடிந்தது. என் மாமியார் போன பிறகு அந்தப் பெண்ணை வளர்த்தவள் நான். பையனையும் அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் பேரைச் சொன்னால் அடுப்படிப் பக்கம் ஓடிவிடுவாள். வருகிற வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்றுவதாகப் பேசி வைத்திருந்தோம். அதற்கு முன்னால்தான் இந்தப் படம் வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் அடுத்த ஊருக்கும் ஓடி, சம்பந்தி வீட்டையும் அழைத்துவிட்டு வந்தார்.

ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. “செவுத்துல ஒட்டினது கலர்ல கீதுன்னு சொன்னீங்களே. நாம பாத்தது கறுப்பு வெள்ளையாச்சே?” என்று கேட்டேன்.

“அடி இவளே, கோபுரத்துக்குக் கும்பாபிசேகம் வந்தா இன்னா பண்றாங்க? புதுசா வண்ணம் பூசறாங்க இல்ல? அந்த மாதிரிதான். அதே படத்துக்கு வண்ணம் பூசிக்கீறாங்க.”

களத்தில் எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும் சரியாகத்தான் பட்டது. வண்ணம் பூசினால் சாமி மாறிவிடுமா என்ன?

புளி ஏற்ற வந்த லாரியில் மூட்டைகளுக்கு மேலே ஏறிக்கொண்டு இறங்கினோம். அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. வளைவுக்கு வளைவு பெண்கள் கூச்சல் போடுவோம். ஆண்கள் அந்தப் படத்தின் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரரைத் தவிர அந்தப் படத்தை அவர்களில் ஒருத்தரும் பார்த்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் மனப்பாடம். “விளக்கு எரியுது, வந்துடாதே” என்று ஒருத்தர் சொன்னால், “எரிஞ்சாதாண்டா வரணும், கதையைக் கெடுக்காதே” என்று இன்னொருத்தர் திட்டுவார். சம்பந்தியம்மா, அதாவது பையனின் அம்மா, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாதவர். அவரே என் காதில், “அந்தப் பொண்ணு எப்படி இருப்பா? நம்ம பொண்ணு சாயலா?” என்று கேட்டார். நாத்தனார் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த பையனின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

ஆலங்காயம் கொட்டகையில் மேட்னி ஆட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு சுவர். விளக்கை அணைத்தார்கள். படத்தின் பெயர் விழுந்ததும் எங்கள் ஆட்கள் அடித்த விசிலில் காது அடைத்துவிட்டது. நான் கண்ணை மூடி, ஆத்தா, இவ்வளவு வருஷத்துக்கு அப்புறம் மறுபடியும் காட்டுகிறாயே என்று கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தால் ஏரி இல்லை. பனி மூடின ஏதோ ஒரு மலையில் ஒரு பெண் குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டு ஆடுகிறாள்.

“இது யாரு?” என்றார் சம்பந்தியம்மா.

“வேற யாராவது இருக்கும் அத்தை. படகுக்காரர் பொண்ணு இனிமேதான் வருவா” என்றேன்.

வரவில்லை. அவள்தான் இவள். அப்பா படகுக்காரர் இல்லை, பெரிய பங்களாக்காரர். அடிபட்டு ஒதுங்க வேண்டியவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். அடியே படவில்லை. இறங்கினதும் பத்துப் பதினைந்து பேரை அடித்தான். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை மட்டும் தட்டியது. மாப்பிள்ளைப் பையன்தான். “சும்மா கெடடா” என்று அவன் அப்பா அதட்டியது எங்களுக்கே கேட்டது. அந்த இருட்டிலும் நாத்தனார் களுக்கென்று சிரித்தாள்.

கொலைகாரன் யார் என்று நம்மை அலையவிட வேண்டிய படம். இதில் பாதிக்கு முன்னாலேயே ஒரு மொட்டைத்தலைக்காரன் கண்ணாடி முன்னால் நின்று, “நான்தான் கொன்னேன்” என்று சொல்லிச் சிரித்துவிட்டான். அப்புறம் எதற்காக உட்கார்ந்திருப்பது? பின்வரிசையில் இருந்த எங்கள் ஊர் அக்கா ஒருத்தர், “அவனே சொல்லிட்டான், எந்திரிங்கடி போலாம்” என்றார்.

கடைசியில் சன்னல் வந்தது. ஆண்கள் பக்கத்திலும் சத்தம் அடங்கிவிட்டது. அத்தனை பேரும் அந்தக் கைக்காகக் காத்திருந்தோம். அவள் சன்னல் பக்கம் வந்தாள். சுவரில் இருந்த சுவிட்சை டக்கென்று தட்டினாள். பல்பு அணைந்தது. உடனே அவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளோடு உள்ளே வந்துவிட்டான். அணைத்தால் வரக்கூடாதே! அது அவனுக்குத் தெரியவில்லையா, படம் எடுத்தவர்களுக்குத் தெரியவில்லையா?

அப்போது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் எழுந்து நின்று, “நிறுத்துப்பா! வெளக்கு கட்டத்தை முழுங்கிட்டீங்க! அதைப் போடுங்க!” என்று சத்தம் போட்டார்.

கூத்தில் ஒரு பாட்டை விழுங்கிவிட்டால் எங்கள் ஆட்கள் இப்படித்தான் எழுந்து கேட்பார்கள். வாத்தியாரும் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடுவார். எங்களுக்குத் தெரிந்த முறை அதுதான். அவர் கேட்டதும் எல்லாரும் சேர்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டோம். நானும்தான் கத்தினேன். “வெளக்கைப் போடு! வெளக்கைப் போடு!” கீழூர்க்காரர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ நிஜமாகவே கொட்டகை விளக்கைப் போட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு கூச்சல்.

படம் முடிந்ததும் எங்கள் ஆட்கள் படம் ஓட்டுகிறவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்ன வயசுக்காரர், பயந்துவிட்டார். “நான் ஒண்ணும் வெட்டலீங்க. வந்த பெட்டியை அப்படியே ஓட்டறேன். இது புதுப் படங்க. அந்தக் காலத்துப் படத்தை மறுபடியும் எடுத்துக்கீறாங்க.”

“மறுபடியும் எதுக்குடா எடுக்கணும்? பழசு இன்னா ஊசிப் போச்சா?”

“அதெல்லாம் எனக்கு இன்னாங்க தெரியும்?”

“சரி, பழசுல வெளக்கைக் கையாலதான அணைப்பா?”

“நான் பழசு பாத்ததில்லீங்களே!”

எங்கள் வீட்டுக்காரர் சுவரோரமாக நின்றிருந்தார். திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர் முகம் மாதிரி இருந்தது. சம்பந்தியார் அவர் முன்னால் வந்து நின்றார்.

“தம்பி. நீ இத்தினி வருசமா சொன்ன கதையில ஒண்ணுகூட இதுல இல்லியே.”

“மாமா, அவரு சொன்னாரே, இது வேற...”

“வேறன்னா பேரு எப்படி ஒண்ணா இருக்கும்? ஏரி இல்ல, படகு இல்ல, வெளக்கு இல்ல. நீயா கட்டிச் சொன்ன கதைன்னா அப்பவே கட்டினேன்னு சொல்லிக்கீணும். கண்ணால பாத்தேன்னு சொன்னியே. உன் வாயை நம்பி வெள்ளிக்கிழமை வெத்திலை மாத்த இருந்தேன். இப்ப நான் எதை நம்பறது?”

நாத்தனார் என் கையைப் பிடித்தாள். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “நீ கை தட்டினவன், பேசாதே” என்று அவனை அடக்கிவிட்டார். ஒரு படத்துக்காகக் கல்யாணம் நின்றுபோகிறதே என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் அவர் மேல் முழுக்கக் கோபப்படவும் முடியவில்லை. வாக்கைத் தவிர எங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

பஸ் நிற்கிற இடத்தில் அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார். எங்கள் வீட்டுக்காரர் நேராக அங்கே போனார். “மாமா, கற்பூரம் ஏத்துங்க. நான் அடிச்சி அணைச்சிச் சத்தியம் பண்றேன்.”

அதுவரைக்கும் வாய் திறக்காத சம்பந்தியம்மா அப்போதுதான் பேசினார். “நீ வேணாம்பா. சொன்னவன் சொன்னதுக்கே சத்தியம் பண்ணுவான். உன் பொண்டாட்டி பண்ணட்டும். அவளும்தான பாத்தா.”

கற்பூரம் எரிந்தது. எல்லாரும் சுற்றி நின்றார்கள். சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “அம்மாடி, அந்தப் பொண்ணு வெறுங்கையால திரியை அணைச்சதை நீ உன் கண்ணால பாத்தியா?”

நான் பார்க்கவில்லை. அன்றைக்குக் கொட்டாயில் துடுப்புச் சத்தம் கேட்டதுமே பயந்து, ஆத்தா ஆத்தா என்று இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன். அவர்தான் என் காதோரம் குனிந்து, “எந்திரிக்கிறா... சன்னல்கிட்ட போறா... கையை வெக்கிறா...” என்று சொன்னார். கல்யாணமாகி அவ்வளவு கிட்டத்தில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. படத்தில் அந்தக் கட்டம் எனக்கு அவர் குரலாகத்தான் தெரியும்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் என்னைக் கேட்டது உன் கண்ணால் பார்த்தாயா என்று. எதிரில் பிள்ளையார். நாத்தனாரின் கை என் கைக்குள்ளே.

“பாக்கல அத்தை” என்றேன். “பயத்துல கண்ணை மூடிக்கினேன். அவருதான் காதுல சொன்னாரு. நீங்க எப்படி அவரு வாயால கேட்டீங்களோ, அப்படித்தான் நானும் கேட்டேன்.”

எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “கேட்டியா?” என்று சம்பந்தியார் மனைவி பக்கம் திரும்பினார். “பொண்டாட்டியே பாக்கலேங்கறா.”

“கேட்டேன், கேட்டேன்” என்றார் சம்பந்தியம்மா. “உனக்குத்தான் காது கேக்கல. நாத்தனா கல்யாணம் நிக்குது, எதிர்ல கற்பூரம் எரியுது, ஆமான்னு தலையாட்டினா வேலை முடிஞ்சிது. அப்பவும் பாக்கலேன்னு சொல்றா பாரு. இவ வளத்த பொண்ணு என் வூட்டுக்கு வர்றதுக்கு நான் குடுத்து வெச்சிக்கீணும். நீ சினிமாவுல வாக்கு தேடிக்கினு கீற!”

சுற்றி நின்றவர்கள் ‘ஹோ’ என்று சிரித்துவிட்டார்கள். சம்பந்தியார் மீசையைத் தடவிக்கொண்டார். அவர் இத்தனை பேர் முன்னால் தோற்று நான் பார்த்ததில்லை. அவருடைய பஞ்சாயத்திலும் பார்த்ததில்லை. கற்பூரம் தானாக எரிந்து அடங்குகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“சரிம்மா. கண்ணை மூடிக்கினியே, துடுப்புச் சத்தமாவது கேட்டுச்சா?”

“கேட்டுச்சி மாமா. அது கேட்டுத்தான் மூடினேன்.”

“அப்ப ஏரி இருந்துச்சி.”

“இருந்துச்சி. ஏரியும் இருந்துச்சி, படகும் இருந்துச்சி. அது வரைக்கும் நானே கண்ணால பாத்தேன்.”

“படகு இருந்தா சரி” என்றார். துன்னூறை எடுத்து முதலில் எங்கள் வீட்டுக்காரர் நெற்றியில் பூசினார். “வெள்ளிக்கிழமை காலையிலேயே வர்றோம். வெத்திலை நாங்க வாங்கிக்கினு வர்றோம்.”

நாத்தனார் என் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். “ஏண்டி அழுவுற, நம்ம படந்தான் போச்சு, மாப்ள போகல” என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அந்தப் பனிமலைக்காரிமேல்கூடக் கோபம் இல்லை.

மலைக்கு ஏறுகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் எல்லாரும் நகர்ந்து இடம் விட்டார்கள். வாயில் கெட்ட ருசி இருக்கிறது, அதை மாற்ற வேண்டும், கதையை எடு என்றார்கள். அவர் மாட்டேன் என்றார். “நான் சொன்னா நம்பறதுக்கு யார் கீறாங்க?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் பிகு செய்தார். செய்யட்டுமே.

“யோவ் மச்சான், சும்மா சொல்லுங்க” என்றான் மாப்பிள்ளைப் பையன். முறை வைத்து அழைத்தது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீ சண்டைக்குக் கை தட்டினவனாச்சே. என் கதையில சண்டை இல்லியே.”

“ஒரே ஒரு சண்டை வெச்சிடுங்களேன்.”

“சொல்லு மாறக்கூடாது!” என்று பின்னாலிருந்து சம்பந்தியார் அதட்டினார். “போன வருசம் எப்படிச் சொன்னியோ அப்படியே. மழையில இருந்து ஆரம்பி.”

பஸ் முதல் வளைவில் திரும்பியது. எங்கள் வீட்டுக்காரர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். மழை பெய்ய ஆரம்பித்தது.